கொடிக்காலுக்குள் சப்பாத்து

"நில்லுங்க! அங்கேயே நில்லுங்க... இன்னும் ஒரு அடி எடுத்து வச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்!"

கொடிக்காலின் மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு நுழையப் போன ஆள், குடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். மழை சடசடவென்று பெய்துகொண்டிருந்தது. சத்தம் போட்டது யார் என்று இடமும் வலமும் பார்த்தான். தெரிந்தால்தானே? பவுனம்மாள் நின்றது வெற்றிலைக் கொடிகளுக்குப் பின்னால். அவளுக்கு அவனைத் தெரிந்தது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. இந்த வசதி ஒரு பெண்ணுக்குத் தினமும் கிடைக்குமா என்ன? அவள் அவசரப்படாமல் ஆளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வெள்ளைக் கால்சட்டை. காக்கிக் கோட்டு. கக்கத்தில் தோல் பை. நெற்றியில் மழையில் கரைந்துகொண்டிருந்த விபூதி. கண்கள்... சரி, கண்களை விடுங்கள். அவள் கோபமாக இருந்தாள். கோபமாக இருப்பவள் கண்களையெல்லாம் பார்ப்பாளா? பார்த்தாள். பெரிய கண்கள்... இமையில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம்தான் அவள் பார்வை கீழே இறங்கியது. கணுக்காலுக்கு மேலே வரைக்கும் இழுத்துக் கட்டிய சப்பாத்து, அதில் அப்பியிருந்த சேறு.

"சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க. கொடிக்காலுக்குள்ள சப்பாத்தோட யாரும் வரக்கூடாது."

"நான் கோலாலம்பூர்ப் பயிர் ஆபீசிலையிருந்து வாறன், பிள்ளை. கார்த்திகேசு எண்டு பேர். வடிவாப் பாத்திட்டுப் போயிடுவன்."

பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது. வடிவு பார்க்க வந்தாராமே! கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி!

"இங்க வடிவு பாக்க ஒண்ணுமில்ல. வெத்தலைதான் இருக்கு. போய் வேற எடம் பாருங்க!"

அவனுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"ஐயோ... அப்பிடி இல்லை! வடிவா எண்டால் எங்கடை யாழ்ப்பாணத்துக் கதையிலை, கவனமா எண்டு அர்த்தம். கொடியளைக் கவனமாப் பாக்க வேணும் எண்டு சொன்னனான். உங்களை... உங்களை நான் இன்னும் காணவே இல்லையே!"

கொடிகளுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அதை அடக்க அவள் எவ்வளவோ முயன்றும் பாதி வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் அப்பா பக்கிரிசாமி, கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"ஏ பவுனு! கவர்மெண்டு ஐயாவ மழையில நிறுத்தி வச்சுக்கிட்டா பேசுற? நீங்க வாங்கய்யா. சப்பாத்தோடயே வாங்க. அது கெடக்குது, சின்னப் பொண்ணு."

கார்த்திகேசு ஒரு கணம் தயங்கினான். குனிந்து கயிற்றை அவிழ்க்கலாம். ஆனால் மழை... புல்லில் அட்டை... அதோடு, முகம் தெரியாத ஒரு பெண் போட்ட அதட்டலுக்கு அரசாங்க உத்தியோகஸ்தன் சப்பாத்தைக் கழற்றுவதா? அவன் சப்பாத்தோடு உள்ளே நடந்தான். முதல் வரிசை வழியாகப் போனான், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினான், கிழக்கு வாய்க்கால் ஓரமாக அப்பாவோடு வெகுநேரம் நின்று பேசினான். பவுனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவள் பல்லைக் கடித்ததற்குக் காரணம் உண்டு. அது ரப்பர் விலை விழுந்த காலம். தோட்டங்களில் வேலை நின்றுபோய், சனங்களைக் கூட்டங்கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமி அந்தக் கப்பலில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, கிள்ளானில் மேரு ரோட்டோரம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெற்றிலை போட்டவர். தாயில்லாத மகள் கூடவே மண்வெட்டி பிடித்தாள். மூன்றே வருஷத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்கள் "பக்கிரிசாமி வெத்தலை வந்திருச்சா?" என்று காலை ரயிலுக்குக் காத்திருக்கும்படி ஆகிவிட்டது. இப்போது பக்கத்து இரண்டு ஏக்கரையும் எடுத்தாயிற்று. அதை நிரப்ப நோயில்லாத கொடி வேண்டும்.

நோய் என்றால் வாடல். அது வந்துவிட்டால் பயிர் ஆபீஸ் கொடிக்காலை மூடிவிடும். ஒரு வருஷத்துக்கு வெற்றிலை கிள்ளக்கூடாது, விற்கக்கூடாது, நடக்கூடாது. காப்பார்ப் பக்கம் அப்படித்தான் ஒரு கொடிக்காலை மூடினார்கள். அந்தக் குடும்பம் போன மாசம் கப்பலேறியது. பவுனம்மாள் பிறந்தது இங்கே. ஊர் ஊர் என்று மற்றவர்கள் சொல்லும் இடத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை. அங்கே போய் அவள் என்ன செய்வாள்?

கொடிக்காலின் கோடியில், தனியாக வேலி போட்ட ஒரு பாத்தியின் பக்கத்தில் கார்த்திகேசு நின்றான்.

"இது என்ன, தனிச்சு வைச்சிருக்கிறியள்?"

"அது தீட்டுப் பாத்தி," என்றாள் பவுனம்மாள். "வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க."

"தீட்டுப் பாத்தியோ!"

"புள்ள பெத்தவளுக்கு நாப்பது நாள் தீட்டு இல்லையா? அது மாதிரி, வெளியிலிருந்து வாங்குன கொடிக்கும் நாப்பது நாள். அதுக்குத் தனிக் கத்தி, தனிக் குடம். அங்க வேலை செஞ்ச கையோட நான் மத்தக் கொடியத் தொடமாட்டேன்."

அவன் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் சிரித்தான். பவுனம்மாளின் மூக்கு நுனி சிவந்தது. அந்தக் கோபத்தில் அவள் தலை நிமிர்ந்தபோதுதான் அவன் அவள் முகத்தை நேருக்கு நேராக முதல் முறை பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த பென்சில் வாய்க்காலில் விழுந்தது. அரசாங்கப் பென்சில்! அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமையும் வந்தான். அன்றைக்கு மழையில்லை. பவுனம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே படலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். வெள்ளைவெளேரென்ற பாதங்களோடு, கோழிக்குஞ்சு மாதிரி பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தான்.

"அன்னிக்குக் கழட்டாம வந்தீங்களே?"

"உங்கடை தீட்டுப் பாத்தியைப் பற்றி யோசிச்சுப் பாத்தன். நாங்கள் புத்தகத்திலை படிச்சதைத்தான் நீங்கள் தீட்டு எண்டு சொல்றியள். நான் சிரிச்சது பிழை."

பிழையாம். தப்பு என்று சொன்னாலே கேட்கச் சந்தோஷமாக இருக்கும். இவர் பிழை என்கிறார், இன்னும் நன்றாக இருக்கிறது... பவுனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் புதன் தவறினாலும் அவன் வருகை தவறவில்லை. கிள்ளும் கத்தியை வரிசைக்கு வரிசை மயில்துத்தம் கரைத்த நீரில் முக்கி எடுக்கச் சொன்னான். வாய்க்காலை ஒரு முழம் ஆழப்படுத்தச் சொன்னான். எந்த வரிசையில் என்ன கண்டாய் என்று தினமும் குறித்து வைக்க ஒரு நோட்டுக் கொடுத்தான். பவுனம்மாள் சும்மா தலையாட்டவில்லை. "துத்தம் தெளிச்ச வெத்தலைய எந்தக் கடைக்காரன் வாங்குவான்? கிள்ளி முடிச்ச வரிசைக்கு மட்டும் தெளிக்கறேன்," என்று வாதாடினாள். அவன் யோசித்துவிட்டு, அவள் சொன்னதைத் தன் குறிப்பிலே எழுதிக்கொண்டான். ஒரு ஆண்பிள்ளை அவள் சொல்லி எதையும் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"ஊருக்குப் பேர் கிள்ளான்," என்றான் ஒரு நாள், அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே. "நீங்கள் விடியவிருந்து கிள்ளிக்கொண்டே இருக்கிறியள். பேரை மாத்தச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுத வேணும்."

"எழுதுங்க, எழுதுங்க. வேற வேலை என்ன உங்களுக்கு... நான் இன்னும் வெத்தலைய மட்டும்தான் கிள்றேன், ஞாபகம் வச்சுக்குங்க!"

கூட நின்று வெற்றிலை கிள்ளிய தனலெட்சுமி அக்கா, "புதன்கிழமைன்னா மட்டும் நம்ம பவுனு தலையில பூ ஏறிக்குது லா," என்று காற்றோடு பேசுகிறவள் மாதிரி சொன்னாள். பவுனம்மாள் கையிலிருந்த கொழுந்தை அவள்மேல் வீசினாள்.

இப்படி நாலு புதன் போயிற்று. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள்.

முதல் வரிசையில், படலுக்குப் பக்கத்தில், ஒரு கொடி தலை தொங்கி நின்றது. இலை வெளுத்திருந்தது. அடியில் விரல் வைத்துத் தொட்டாள். கறுத்து, கொழகொழவென்று, முகர முடியாத நாற்றம். வாடல்! பதறாமல், வாடிய கொடி நின்ற கழியிலெல்லாம் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பதினெட்டுக் கொடி. தீட்டுப் பாத்திக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே ஒரு இலைகூட வாடவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பொட்டுகள் ஒரு வழியாகப் போயின. முதல் வரிசை நெடுக... தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி... கிழக்கு வாய்க்கால் ஓரத்தில் ஒரே இடத்தில் ஏழு பொட்டு. அங்கேதான் அன்றைக்கு மழையில் அவன் அப்பாவோடு வெகுநேரம் நின்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சேறு! நோய் வந்த கொடிக்காலுக்கெல்லாம் போகிறவர் அவர்தானே? காப்பார்க் கொடிக்காலில் மிதித்த சேறு!

பவுனம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நடுவில் அவன் வெறுங்காலோடு அடி வைத்து வந்ததும் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மூன்றையும் சேர்த்தே செய்தாள்.

பக்கிரிசாமி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீதான்! நீ வாங்குன புதுக்கொடிதான்! இருக்கிற ஒரு ஏக்கர் போதும்னு சொன்னேனே, கேட்டியா? இன்னும் ரெண்டு ஏக்கரு வேணும்னு ஆசைப்பட்டியே!"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவின் கோபம் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பிவிடும். அப்பா ஆபீசுக்குப் போய் நிற்பார். அவன் வேலை போகும். சொல்லாவிட்டால்? கொடிக்கால் போகும்... கப்பல்! இரண்டு நாள், புதன்கிழமைக்கு இரண்டே நாள். அவரே பார்க்கட்டும். பார்த்தால் அவருக்குத் தெரியாமலா போகும்? அவர் வாயால் சொல்லட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

புதன்கிழமை வந்தான். சிரித்த முகமாகத்தான் வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, முதல் வெள்ளைப் பொட்டைப் பார்த்தான். குனிந்து அடியைத் தொட்டான். அடுத்த பொட்டு... அதற்கடுத்தது... நடக்க நடக்க அவன் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போவதைப் பவுனம்மாள் பார்த்தாள். வாய்க்கால் ஓரத்தில் ஏழு பொட்டுக்கு நடுவில் போய் நின்றவன், தன் கால்களைக் குனிந்து பார்த்தான். சொல்லப் போகிறார்... இதோ சொல்லப் போகிறார்...

"பொட்டு வைச்ச கொடியளையும், சுத்திவர இருக்கிறதையும் பிடுங்கி எரிக்க வேணும்," என்றான், தோல் பையைப் பார்த்துக்கொண்டு. "குழியிலை சுண்ணாம்பு போடுங்கோ. நான் ரிப்போட் எழுத வேணும்."

அவ்வளவுதான். ஒரு தடவைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. படலைத் தாண்டிப் போய்விட்டான்.

தெரிந்தும் சொல்லாமல் போகிறார்! நோய் வந்ததைவிட இதுதான் அவளுக்கு வலித்தது. பதினெட்டுக் கொடியையும், அதைச் சுற்றி நின்ற நல்ல கொடிகளையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுத் தீ வைத்தாள். பச்சைக்கொடி எளிதில் எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது. கண் எரிச்சல் புகையால்தான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த புதன் அவன் வரவில்லை. ஆபீசிலிருந்து கடுதாசியும் வரவில்லை. "அவங்க யாழ்ப்பாணத்தாளுங்க, படிச்சவங்க, கவர்மெண்டு. நம்ம கொடிக்கால் மூடினா அவருக்கென்ன, தெறந்தா அவருக்கென்ன?" என்று பக்கிரிசாமி பொதுவாகச் சொன்னதுகூட அவளுக்கு முள்ளாகக் குத்தியது. சரி, மறந்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்வது சுலபமாகத்தான் இருந்தது. மறப்பதுதான் கைகூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவும் மகளும் பாளைநாரால் வெற்றிலைக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது படல் கிரீச்சிட்டது. கோட்டு இல்லை, பை இல்லை. வேட்டி கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கார்த்திகேசு வந்து நின்றான். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கய்யா..." என்று எழுந்தார் பக்கிரிசாமி.

"ஐயா எண்டு சொல்லாதேங்கோ. முதலிலை நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்த நோயை நான்தான் கொண்டுவந்தனான்."

பவுனம்மாளின் விரல் நாரிலேயே நின்றுவிட்டது.

"முதல் முதல் இஞ்சை வந்த அண்டைக்கு, காலமை காப்பார்க் கொடிக்காலுக்குப் போயிட்டுத்தான் வந்தனான். அதே சப்பாத்து. கழுவேல்லை. உங்கடை மகள் நில்லுங்கோ எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. ரிப்போட்டிலை நோய் வந்த வழி எண்டு ஒரு கேள்வி இருக்கு. எல்லாருக்கும் உடையவரின் கவனக்குறைவு எண்டுதான் எழுதுறது. நான் என்ரை பேரை எழுதிப்போட்டன்."

அவன் தீட்டுப் பாத்திப் பக்கம் கையைக் காட்டினான்.

"கொடிக்காலை மூடமாட்டினம். மகளின்ரை தீட்டுப் பாத்திக் கொடி சுத்தமா இருக்கு. அதைப் புது நிலத்திலை நடலாம் எண்டு அனுமதி வாங்கிப்போட்டன். நாளைக்குக் கடிதம் வரும்."

பக்கிரிசாமி வெற்றிலைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகளைப் பார்த்தார். "உன்னையில்ல திட்டித் தீத்தேன்..." என்றார். மறுபடி எழுந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க தம்பி. டீத்தண்ணி போட்டுட்டு வரேன்," என்று வீட்டுப் பக்கம் நடந்தார். ஐயா தம்பியானதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பவுனம்மாள் எழுந்து நின்றாள். "உங்கள என்ன பண்ணுவாங்க?"

"வெளிவேலை இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். ஆபீசுக்குள்ளை இருந்து நகல் எடுக்க வேணும். ஒரு வருஷம்."

ஒரு வருஷம்! இந்தக் கொடிக்காலுக்கு வர வேண்டிய ஒரு வருஷம், அவன் தலையில் போய் விழுந்திருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்தது.

"அன்னிக்கே இத ஏன் சொல்லல? மூஞ்சியக்கூடப் பாக்காம போனீங்களே..."

"எழுதாமல் உங்களிட்டைச் சொன்னால், அது வெறும் வாய்ப்பேச்சு. எழுதிப்போட்டுத்தான் உங்கடை முகத்தைப் பாக்கலாம் எண்டு நினைச்சன். பத்துப் பதினொரு நாள்... நித்திரையே இல்லை."

"இனி புதன்கிழமைக்கு வேற ஆள் வருவாங்களா?"

"ஓம். ஆனால் புதன்கிழமை எண்டு இல்லை..." அவன் தரையைப் பார்த்தான். விபூதியையும் மீறி நெற்றி சிவந்தது. "ஒரு கொடிக்காலுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தால் போதும் எண்டுதான் ஆபீசிலை சட்டம். நான்தான்... நான் கொடி பாக்க வரேல்லை, பவுனம்மாள். ரெண்டாவது புதன்கிழமையிலையிருந்து உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

அவள் கையிலிருந்த நாரைச் சுற்றிச் சுற்றி, விரலே கன்றிப்போயிற்று.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் மெதுவாக.

"புதன்கிழமைக் கதையோ?"

"அதுவும் தெரியும். நான் சொல்றது சப்பாத்து. சுண்ணாம்புப் பொட்டு வச்ச அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சு போச்சு."

அவன் திகைத்து நிமிர்ந்தான். "தெரிஞ்சுமோ? பிறகு ஏன் அப்பாவிட்டைச் சொல்லேல்லை? அவர் உங்களையல்லோ..."

"நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன். சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, நல்லதாப் போச்சு, இந்த மனுசன மறந்துடலாம்னு இருந்தேன்..." கண்ணைத் துடைக்காமலே அவனை நேராகப் பார்த்தாள். "இப்படி வந்து சொல்லிட்டீங்களே... இனி நான் எப்படி மறக்கறது?"